தண்ணீரில் சாயம் இருக்கிறதா? வெளிச்சத்தைக் கேளுங்கள்



"தண்ணி தெளிவாத்தானுங்க இருக்குது, பின்ன எதுக்கு டெஸ்ட்டு?" ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்தில் குடிநீர் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். சாயப்பட்டறைகள் உள்ள பக்கம் போனால் கேள்வி கொஞ்சம் மாறும். "முன்ன கெணத்துத் தண்ணி செவப்பா வந்துச்சு. இப்ப நெறமே இல்ல. அப்ப சரியாயிருச்சுன்னுதானே அர்த்தம்?"

அப்படி அர்த்தம் இல்லை. தண்ணீரில் நிறம் இருப்பது ஒரு விஷயம், சாயம் இருப்பது இன்னொரு விஷயம், சாயத்தோடு சேர்ந்து வந்த உப்பு மூன்றாவது விஷயம். இந்த மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இப்போது தண்ணீரில் உள்ள சாயத்தை வெளிச்சத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துள்ளன. ஒளி உணர்கருவி என்று எழுதுவார்கள், பேச்சில் 'சென்சார்' என்றாலே எல்லோருக்கும் புரியும். அது எப்படி வேலை செய்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொண்டால், நாளைக்கு யாராவது ஒரு சீட்டை நீட்டி "டெஸ்ட்ல ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லும்போது எதிர்க்கேள்வி கேட்க முடியும்.

முதலில் நம் கண்ணைப் பற்றி

நம் கண்ணே நல்ல சென்சார்தான். சில சாயங்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தால்கூட கண்ணுக்குத் தெரிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொட்டை மாடியில் வைக்கிற 1,000 லிட்டர் டேங்க் நிறையத் தண்ணீர், அதில் 1 கிராம் சாயத்தூள். அதுதான் லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஒரு சிட்டிகைத் தூள் ஒரு டேங்கையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நாம் தண்ணீரைப் பார்க்கிற விதம் சரியில்லை. பச்சைக் குடம், சிவப்புக் குடம், எவர்சில்வர் அண்டா, பித்தளைச் சொம்பு, இதிலெல்லாம் லேசான நிறம் எங்கே தெரியும்? அதனால் அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு வெள்ளைத் தாள், துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். ஒரு வாளி தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு நீலம் விட்டுக் கலக்கி, அதில் ஒரு டம்ளர் எடுங்கள். இன்னொரு டம்ளரில் வெறும் தண்ணீர். இரண்டையும் வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். மேலிருந்து கீழே, தாளை நோக்கிப் பாருங்கள். லேசான நீலம் தெரியும்.

ஏன்? பக்கவாட்டில் பார்க்கும்போது வெளிச்சம் மூன்று விரல் அகலத் தண்ணீரைத்தான் கடந்து வருகிறது. மேலிருந்து பார்த்தால் டம்ளரின் முழு உயரத்தையும் கடந்து வருகிறது. வெளிச்சம் கடக்கும் தூரம் கூடினால் நிறமும் கூடித் தெரியும். சென்சார் செய்கிற வேலையில் பாதி இதுதான்.

மீதிப் பாதி

மீதிப் பாதிக்கு ஒரு டார்ச்சும் சிவப்புக் கண்ணாடிக் காகிதமும் வேண்டும். பரிசுப் பொருள் சுற்றுகிறார்களே, அந்தப் பளபளப்பான காகிதம். டார்ச் முகத்தில் காகிதத்தைச் சுற்றினால் சிவப்பு வெளிச்சம் வரும். இருட்டான அறையில், கொஞ்சம் கெட்டியாகக் கலக்கிய நீலத் தண்ணீர் வழியாக அந்தச் சிவப்பு வெளிச்சத்தைச் சுவரில் அடியுங்கள். வெளிச்சம் மங்கிவிடும். அதே தண்ணீரில் நீலக் காகிதம் சுற்றிய டார்ச்சை அடித்தால் அவ்வளவு மங்காது.

நீலச் சாயம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமே, அது சிவப்பு, ஆரஞ்சுப் பக்கத்து வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு நீலத்தை மட்டும் வெளியே விடுவதுதான். சிவப்புச் சாயம் பச்சை வெளிச்சத்தை விழுங்கும். மஞ்சள் சாயம் நீல, ஊதா வெளிச்சத்தை விழுங்கும். எந்த வெளிச்சம் காணாமல் போகிறது என்று பார்த்தால் எந்த வகை நிறம் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு காணாமல் போகிறது என்று அளந்தால் எவ்வளவு சாயம் என்று தெரியும்.

கருவிக்குள் இருப்பது மூன்றே சாமான். ஒரு பக்கம் சின்ன எல்.இ.டி. விளக்கு. நடுவில் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குப்பி. மறுபக்கம், விழுகிற வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் ஒரு சின்னச் சில்லு. வெளிச்சம் குறைந்தால் மின்சாரம் குறையும், அதை எண்ணாக மாற்றித் திரையில் காட்டும்.

இந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வட்டிக் கணக்குப் போடுகிற நமக்கு இது பெரிய விஷயமில்லை. 100 பங்கு வெளிச்சம் போகிறது. ஒரு குப்பிச் சாயத் தண்ணீர் பாதியை விழுங்கினால் 50 வெளியே வரும். அதன் பின்னால் அதே தண்ணீரில் இன்னொரு குப்பி வைத்தால் 50-ம் போய் பூஜ்ஜியம் வராது. மிச்சமிருக்கிற 50-ல் பாதி போய் 25 வரும். மூன்றாவது வைத்தால் பன்னிரண்டரை. ஒவ்வொரு முறையும் மிச்சத்தில் பாதி. இதைக் கருவி தனக்குள் கணக்குப் போட்டு, 50 வந்தால் 0.3 என்றும், 25 வந்தால் 0.6 என்றும் காட்டும். சாயம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்காகும். வெளிச்சம் கடக்கும் தூரத்தைப் பற்றிய விதியை 1729-லேயே பூகே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். சாயத்தின் அளவுக்கும் அது பொருந்தும் என்று 1852-ல் சொன்னவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆகஸ்ட் பீர். இன்றைக்கு வந்திருக்கிற புதுக் கருவிக்குள்ளும் அந்தப் பழைய கணக்குதான் ஓடுகிறது.

அளப்பதற்கு முன்னால் சுத்தமான தண்ணீரை ஊற்றி எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். தராசில் காலித் தட்டைச் சரிபார்க்கிறோமே, அதே மாதிரி. அதைச் செய்யாமல் எடுத்த அளவு கணக்கில் சேராது. கலங்கல் தண்ணீரை அப்படியே ஊற்றவும் கூடாது. மண் துகள் வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும், கருவி அதையும் சாயக் கணக்கில் சேர்த்துவிடும். வடிகட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். மழைக்காலத்து ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் அளந்து "சாயம் இருக்கு" என்று சண்டைக்குப் போனால் நம் பேச்சு எடுபடாது.

ஒரே ஒரு விளக்கு வைத்த கருவியும் போதாது. பட்டறையில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் கலந்துதான் வேண்டிய நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். வெளியே வருவதும் கலவைதான். அதனால் ஆய்வகத்தில் மூன்று வகை வெளிச்சத்தில் அளப்பார்கள். அறிக்கையில் 436, 525, 620 நானோமீட்டர் என்று மூன்று எண்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். முதலாவது ஊதா கலந்த நீல வெளிச்சம், மஞ்சள் சாயத்தைப் பிடிக்கும். இரண்டாவது பச்சை, சிவப்புச் சாயத்தைப் பிடிக்கும். மூன்றாவது சிவப்பு கலந்த ஆரஞ்சு, நீலச் சாயத்தைப் பிடிக்கும்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. குடிநீர் அறிக்கையில் 'நிறம்' என்ற இடத்தில் 'ஹேசன்' என்று ஓர் அலகு போட்டிருப்பார்கள். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரப்படி 5 ஹேசன் வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 15 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஹேசன் அளவு, இலை தழை ஊறிய தண்ணீரின் மஞ்சள், பழுப்பு நிறத்துக்காக அமெரிக்காவில் 1892-ல் உருவாக்கப்பட்டது. நீலமும் ரோஸும் கலந்து வரும் தண்ணீரை அந்த மஞ்சள் வரிசையோடு எப்படி ஒப்பிடுவது? மாம்பழத்தையும் கத்தரிக்காயையும் பக்கத்தில் வைத்து எது பழுத்தது என்று கேட்பது போல ஆகிவிடும். சாயக்கழிவு என்று சந்தேகம் இருந்தால் "மூணு அலைநீளத்துல பாருங்க சார்" என்று கேட்டே வாங்குங்கள்.

கள்ளநோட்டு விளக்கு

இன்னொரு வகைச் சென்சாரும் உண்டு. வங்கியில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் வெள்ளைச் சட்டையை நீட்டினால் பளிச்சென்று நீலமாக ஒளிரும். சோப்புத்தூளில் சேர்க்கிற வெளுப்புப் பொருள் துணியில் ஒட்டியிருப்பதால் வருகிற ஒளி அது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது. சில சாயங்களும் இப்படி ஒளிரும். இந்த வகைச் சென்சார், எவ்வளவு வெளிச்சம் காணாமல் போனது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு புது வெளிச்சம் வருகிறது என்று பார்க்கிறது. இருட்டில் மின்மினியைத் தேடுவது போல, மிகக் குறைந்த அளவையும் இது பிடித்துவிடும். ஓடையில் துணி துவைத்த கழிவுநீர் கலக்கிறதா என்று பார்ப்பதற்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

நிலத்தடியில் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவும் இதே ஒளிரும் சாயம் உதவியிருக்கிறது. ஜெர்மனியில் டான்யூப் ஆற்றுத் தண்ணீர் ஓரிடத்தில் பூமிக்குள் மறைந்துவிடும். 1877-ல் அந்த இடத்தில் 10 கிலோ சாயத்தைக் கொட்டினார்கள். ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஹ் என்ற ஊற்றில் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்து வந்தது. அது சுண்ணாம்புப் பாறைக் குகை வழி, நம் பாறை வேறு மாதிரி. ஆனாலும் "பட்டறை எங்க இருக்கு, நம்ம கெணறு எங்க இருக்கு" என்று தூரத்தை மட்டும் வைத்து அலட்சியமாக இருக்க வேண்டாம். பாறை வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது.

செல்போன் கேமராவை வைத்தும், சின்னக் காகிதப் பட்டையை வைத்தும் சாயத்தை அளக்கப் பல கல்லூரிகளில் ஆராய்ச்சி நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்தபடி தானாகவே நிறத்தை மாற்றிக்கொள்ளும். வெயிலில் ஒரு நிறம், டியூப்லைட்டில் ஒரு நிறம். கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, ஒரே விளக்கில் எடுத்தால்தான் அந்த அளவு செல்லும்.

நொய்யல் சொல்வது

சாயம் என்றாலே திருப்பூர் பெயர்தான் முதலில் வரும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் பக்கத்து நிலத்துக்குப் பாசனம் செய்யக் கட்டிய அணை. சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. 'அணையில் தண்ணீர் தேக்கவே தேக்காதீர்கள்' என்று விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று. தண்ணீர் விடச் சொல்லிப் போராடிய ஊர்களை நமக்குத் தெரியும். தண்ணீரே வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போன ஊர்கள் இவை. நொய்யல் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அது சரியாக நடக்கவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பனியன் கம்பெனி வேலையை நம்பியிருந்த பெண்கள் அப்போது பட்ட பாட்டையும் மறக்க முடியாது. இது விவசாயி ஒரு பக்கம், தொழிலாளி மறுபக்கம் என்று சுலபமாகப் பிரித்துப் பேசக்கூடிய கதை இல்லை. ஒரே வீட்டில் மாமியார் காட்டிலும் மருமகள் கம்பெனியிலும் இருந்தார்கள்.

அந்த நிலத்தைக் கெடுத்ததில் பெரும் பங்கு எதற்கு என்று கேட்டால், பலரும் சாயம் என்பார்கள். சாயத்தை விட உப்புதான் நிலத்தைச் சாப்பிட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராம் வரைகூடப் போடுவார்கள். உப்பு சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடும், தான் துணியில் தங்காது. போட்ட உப்பு அத்தனையும் கழிவோடு வெளியே வந்துவிடும். சாயத்திலும் ஒரு பங்கு துணியில் ஒட்டாமல் தண்ணீரோடு வந்துவிடும். ஆனால் உப்பு மொத்தமும் வரும்.

உப்புக்கு நிறம் கிடையாது. வெளிச்சம் அதன் வழியே தடையில்லாமல் போய்விடும். ஆக, சாயத்தை அளக்கிற சென்சாரில் 0.0 என்று வருகிற தண்ணீர், தென்னையைக் கருக்குகிற அளவுக்கு உப்பாகவும் இருக்கலாம். நிறம் போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நினைக்கிற அக்காமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. சாயத் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினால் பல சாயங்கள் நிறம் இழந்துவிடும். நிறம்தான் போகும். சாயத்தின் துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும். துணிக்குப் போடும் சாயங்களில் பெரிய கூட்டம் 'அசோ' வகை. நிறம் கொடுக்கிற அந்தக் கண்ணி அறுந்தால் நிறம் மறையும். ஆனால் காற்றில்லாத சேற்றில் கிருமிகள் அதை அறுக்கும்போது, சில அசோ சாயங்களிலிருந்து அமீன் என்ற பொருட்கள் வெளிவரும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. அப்படிப்பட்ட சாயங்கள் 112-ஐ மத்திய அரசு 1990-களிலேயே தடை செய்தது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் வேலை செய்கிற சென்சார் இந்தத் துண்டுகளைப் பிடிக்காது. புற ஊதா வெளிச்சத்தில் அளக்கும் கருவி 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லும், என்ன பொருள் என்று பெயர் சொல்ல முடியாது. அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவை இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அளவுகள் நேராக வாரியத்தின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். இது நல்ல ஏற்பாடுதான். என் கருத்தைக் கேட்டால், சென்சார் தன் முன்னால் வருகிற தண்ணீரைத்தான் பார்க்கும். குழாய் வழியாக வருவதைப் பார்க்கும், ராத்திரி மழையோடு மழையாக ஓடையில் திறந்துவிடுவதைப் பார்க்காது. அதைப் பார்ப்பது ஓடையோரம் மாடு மேய்க்கப் போகிற நம் பெண்கள்தான்.

நம் கையில் இருப்பது

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் தண்ணீர் பார்க்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் குழுக்களில் சிலர் இந்தப் பயிற்சிக்குப் போயிருப்பீர்கள். குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வருகிற நிறத்தை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுவோம். இதுவும் ஒளிச் சோதனைதான், சென்சார் நம் கண். ஒரு வேடிக்கை பாருங்கள். நைட்ரேட் சோதனையில் வருகிற ரோஸ் நிறமே ஓர் அசோ சாயம்தான். மருந்து தண்ணீரில் உள்ள நைட்ரேட்டைப் பிடித்துச் சாயமாக மாற்றி நமக்குக் காட்டுகிறது.

ஆனால் அந்தப் பெட்டியில் சாயக்கழிவுக்கென்று தனிச் சோதனை கிடையாது. அதனால் பெட்டியில் எல்லாம் சரியாக வந்தது என்பதற்காகச் சாயம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். குளோரைடு, கடினத்தன்மை இரண்டும் பெட்டியிலேயே பார்க்கலாம், உப்பு ஏறுகிறதா என்று அவை காட்டிக்கொடுக்கும். பேனா மாதிரி இருக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது வெளிச்சத்தை வைத்து வேலை செய்வதில்லை, தண்ணீரில் மின்சாரம் ஓடுவதை வைத்துக் கரைந்த உப்பைக் கணக்கிடும். 500-க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை, அதற்கு மேல் குடிக்க ஆகாது. கூட்டமைப்பு நிதியில் ஒன்று வாங்கி வைத்து, குழுவுக்குக் குழு சுற்றில் விடலாம்.

நாமும் சாயம் போடுகிறோமே

ஊரான் பட்டறையை மட்டும் பேசிவிட்டுப் போனால் நியாயமாகாது. பனை ஓலைக் கூடை, கோரைப் பாய், கயிறு என்று நம் குழுக்களே சாயம் போடுகிறோம். ஓலைக்கும் நாருக்கும் போடுகிற பளிச்சென்ற ரோஸ், பச்சை, ஊதா எல்லாம் பெரும்பாலும் செயற்கைச் சாயம். வேலை முடிந்ததும் கொப்பரைத் தண்ணீரைக் கொல்லையில் கவிழ்த்துவிடுகிறோம். பக்கத்தில்தான் கிணறோ அடிபம்போ இருக்கும். பச்சைச் சாயத்தில் மாலகைட் பச்சை என்று ஒன்று உண்டு. மீனுக்கு அது நஞ்சு.

செய்யக்கூடியது கஷ்டமில்லை. ஓலையை எடை போட்டு அதற்கேற்பச் சாயம் எடுங்கள், குத்துமதிப்பாகக் கொட்ட வேண்டாம். அடர்ந்த நிறம் போட்ட தண்ணீரிலேயே அடுத்து வெளிர் நிறம் போடலாம். மிச்சத் தண்ணீரைக் கரித்தூள் நிரப்பிய பானை வழியாக மெதுவாக வடிய விடுங்கள். ஓலைச் சாயங்களில் பல கரியில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கரி ஓரளவு பிடிக்கும், கடையில் விற்கிற ஊக்குவித்த கரி இன்னும் நன்றாகப் பிடிக்கும். வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? முன்னால் சொன்ன அதே சோதனைதான். வடிப்பதற்கு முன் ஒரு டம்ளர், வடித்த பின் ஒரு டம்ளர், வெள்ளைத் தாள்மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். நிறம் மறுபடி தெரிய ஆரம்பித்தால் கரியை மாற்ற வேண்டும். மாற்றிய கரியை வயலில் போடக் கூடாது, அடுப்பிலும் போடக் கூடாது. வடித்த தண்ணீரைக் கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி, சிமெண்ட் தொட்டியில் வெயிலில் வற்ற விடுங்கள். கையுறை போடாமல் சாயத்தில் கை வைக்கவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால் எங்கே போவது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டந்தோறும் உள்ளது. பொதுமக்களும் கட்டணம் செலுத்திக் குடிநீரைச் சோதித்துக்கொள்ளலாம். கழிவு கலக்கிறது என்ற புகார் என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். அங்கே பலன் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு. ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் நடக்கும் கிராம சபையில் அறிக்கையை வைத்துத் தீர்மானம் போடச் சொல்லலாம்.

வாயால் சொல்கிற புகாரை விட நோட்டுக்கு மரியாதை அதிகம். நாம் சேமிப்புக்கும் கடனுக்கும் எழுதுகிற மாதிரியே தண்ணீருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், எந்தக் கிணறு, டி.டி.எஸ். எவ்வளவு, நிறம் உண்டா, மழை பெய்ததா, வாடை உண்டா, இதை வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில் எழுதினால் போதும். நிறம் தெரிந்தால் கண்ணாடி டம்ளரை அன்றைய செய்தித்தாள் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். தாளின் தேதியும் தெரிய வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். போர் என்றால் மோட்டாரை ஐந்து பத்து நிமிடம் ஓட விட்டுப் பிடியுங்கள். காற்று இடம் விடாமல் நிரப்பி மூடி, எடுத்த இடமும் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், அதனால் கேனைக் கெட்டித் துணியில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு இந்தக் கேன் ஆகாது, அதற்கு ஆய்வகத்திலேயே தனிப் பாட்டில் தருவார்கள். கூடவே, கழிவு வராத மேல்பக்கத்துக் கிணற்றிலிருந்தும் ஒரு கேன் எடுத்துப் போங்கள். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், உப்பும் நிறமும் நம் மண்ணோடு எப்போதும் இருப்பதா, வெளியிலிருந்து வந்து சேர்ந்ததா என்று பேச முடியும்.